அப்பத்தில் போட்ட பழி

என் தம்பியின் மகன் செத்தது காய்ச்சலில் அல்ல, நான் ஊட்டிய அப்பத்தில் என்று என் மச்சாள், அதாவது தம்பியின் பெண்சாதி, ஊர் முழுக்கச் சொன்னாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவதற்காக நான் உட்காரவில்லை.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சனம் நாங்கள். தம்பிக்கு வயற்காணி கிடைத்தது. புருஷனை இழந்த எனக்கு அவன் தன் காணியின் தெருவோர மூலையில் ஒரு கொட்டில் போட்டுத் தந்தான். விடியற்காலையில் அங்கே அப்பம் சுட்டு, வயலுக்குப் போகிறவர்களுக்கு விற்றேன். மா புளிக்கக் கள்ளு விடுவேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கொட்டில்தான் என் சோறு. அது இல்லாவிட்டால் தம்பி வீட்டுக் குசினியில் மச்சாளின் கையைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

பிள்ளைக்கு மூன்று வயது. நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபோயிட், என்று வவுனியா ஆசுபத்திரியில் மறித்து வைத்தார்கள். ஊசியும் குளிசையுமாகக் கொடுத்தார்கள். கணுக்காலில் சின்னதாக வெட்டி, நரம்புக்குள் குழாய் விட்டுச் சேலைன் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. என்னைக் கண்டதும், "மாமி, அப்பம்" என்றான். வார்ட்டில் நின்ற நேர்ஸ் மிஸியிடம் கேட்டேன். மெதுவான சாப்பாடு கொடுக்கலாம் என்றார். அடுத்த முறை கொண்டுபோய், நடுவிலிருக்கிற பஞ்சுப் பகுதியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். அவன் நாக்கில் அப்போதே வெள்ளை படிந்திருந்தது. பால் என்றுதான் நினைத்தோம். மச்சாள் பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு காய்ச்சல் திரும்ப வந்தது, குளிரும் நடுக்கமுமாக. டாக்குத்தர் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மறுமொழி வருவதற்குள் பிள்ளையைப் புதைத்தாயிற்று. தம்பியும் மச்சாளும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். இரத்தத்தில் பூஞ்சணம் ஏறிவிட்டதாம். அது என்ன என்று தம்பி கேட்க, "கள்ளைப் பொங்கவைக்கிறதும் இந்தச் சாதியில ஒண்டுதான்" என்று டாக்குத்தர் விளங்கப்படுத்தியிருக்கிறார்.

அது போதும் அவளுக்கு. துக்கம் விசாரிக்க வந்த சனத்துக்கு முன்னால், "கள்ளு விட்ட அப்பத்தைத் தீத்தி என்ர பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டா" என்றாள்.

மறுநாள் கொட்டிலடிக்கு ஒருவரும் வரவில்லை. பிள்ளைகாரிகள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவின் மற்றக் கரையால் போனார்கள். தம்பி என் முகத்தைப் பாராமல், "அக்கா, அடுப்பைக் கழட்டுங்கோ" என்றான். அந்தப் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தவள் நான். அவனுக்காக அழக்கூட என்னை விடவில்லை. அன்றைக்குக் கோயிலில் அம்மாளாச்சியிடம் அவளுக்கு என்ன கேட்டேன் என்று எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடுவீர்கள்.

"டாக்குத்தரிட்டை நானே கேட்டுட்டு வாறன். அதுக்குப் பிறகு கழட்டிறன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். டாக்குத்தர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"அப்பத்தில பிழையில்லை, அம்மா. கள்ளில இருக்கிறது நெருப்பில வெந்தா செத்துப்போம். இது வேற இனம். எல்லாரின்ர வாயிலயும் வயித்திலயும் சும்மா இருக்கிறது. காய்ச்சலுக்குக் குடுத்த மருந்து மற்றக் கிருமியளை அழிச்சுப்போட்டுது. இது தடுக்க ஆளில்லாமல் வளர்ந்திட்டுது. காலில விட்ட குழாயாலயும் இரத்தத்துக்குள்ள போயிருக்கும்."

"பிள்ளைக்கு எங்கையிருந்து வந்தது?"

"பிறக்கேக்கையே வந்திருக்கும். கூடுதலாத் தாயிட்டை இருந்துதான் வாறது. அதுக்கு அவா என்ன செய்யிறது?"

கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. தாயிடமிருந்து! வழி முழுக்க அதை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு வந்தேன். முறிகண்டியில் பஸ் நிற்க எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். நானும் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தேன். நேர்த்திக்கு அல்ல, அவளை உடைக்கப் போகிற சந்தோசத்துக்கு.

தம்பி வயலில் நின்றான். அவள் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் இருக்கவுமில்லை, தண்ணீர் கேட்கவுமில்லை.

"உன்ர பிள்ளையைச் சாக்காட்டினது அப்பமில்லை. உன்னட்டை இருந்து வந்ததுதான். டாக்குத்தர் சொன்னவர்" என்றேன்.

விழுந்து அழுது குழறுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் அரிசிக்குள் இருந்த கையை எடுக்கவில்லை.

"தெரியும், மச்சாள்" என்றாள். "அண்டைக்கே சொன்னவர். உங்கட தம்பி வெளியில போன நேரம் நான்தான் கேட்டனான்."

"தெரிஞ்சுகொண்டோ என்னில பழியைப் போட்டனி?"

"அவருக்கு ஆரிலயாவது கோவிக்க வேணும். என்னை வெறுத்தா நான் எங்கை போறது? நீங்கள் அவரோட கூடப்பிறந்தனீங்கள். உங்களைக் கைவிடமாட்டார்."

நான் கொண்டுவந்த அடியை அவள் எனக்கு முதலே வாங்கியிருந்தாள். அதற்காக நான் இரங்கினேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இன்னும் கூடத்தான் எரிந்தது.

"நாளைக்கு விடிய என்ர கொட்டிலுக்கு வா. சனத்துக்கு முன்னால நிண்டு அப்பம் தின். வராட்டி தம்பியிட்டை எல்லாத்தையும் சொல்லுவன்."

வந்தாள். வயலுக்குப் போகிறவர்கள் மண்வெட்டியும் கையுமாக நின்று பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே ஒரு அப்பத்தைக் கருகவிட்டு அவள் கையில் வைத்தேன். "அப்பத்தில பிழையில்லையாம். டாக்குத்தர் சொன்னவர்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு, கண்ணீர் வடிய வடிய, கரியையும் விடாமல் தின்று முடித்தாள்.

நின்றவர்களில் ஒருவர், "எனக்கும் தாங்கோ" என்று கையை நீட்டினார். என் கொட்டில் பிழைத்தது. எனக்குத்தான் ஆறவில்லை.

"நில்லு, இன்னொண்டு தின்" என்று அவளை மறித்து, அடுத்ததையும் கருகவிட்டேன்.