காதுகுத்துக்குப் போன கார்க் கண்ணாடி

போன வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. வாசலுக்கு வந்து காரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முன் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்! விரலால் சுரண்டினேன். அசைவேனா என்றது.

அன்றைக்கென்று பார்த்தா இப்படி? என் தங்கை மகள் வள்ளிக்கு அன்று காதுகுத்து. நாகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில்தான் தங்கை செல்லம்மாவைக் கொடுத்திருக்கிறோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். செல்லம்மாவோடு கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சீர்த்தட்டோடு போய் உட்கார வேண்டும். எட்டு மணிக்குக் கிளம்பினால் தாராளம்.

ஆனால் இந்தக் கண்ணாடி...?

"கருப்பையா! என்னப்பா இது?" என்று கத்தினேன். கருப்பையா என் டிரைவர். எனக்குக் கார் வாங்கத் தெரிந்ததே தவிர, ஓட்டத் தெரியாது.

"நீங்க சொன்னபடிதாண்ணே செஞ்சேன். நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். நேத்து மத்தியானம் கெணத்துல எறைச்சு எறைச்சு இருவது வாளி!" என்றான் பெருமையாக.

நான் சொன்னது 'நல்ல தண்ணி'. எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர், தெருக்குழாயில் வருவது. வீட்டுக் கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். வாய் கொப்பளித்தாலே கரிக்கும். 'நல்ல'வுக்கு ஒரு துணைக்காலைச் சேர்த்துக்கொண்டு, இருபது வாளி உப்புத் தண்ணீரை அபிஷேகம் செய்து, துடைக்காமல் வெயிலில் நிறுத்தியிருக்கிறான். தண்ணீர் காய்ந்துவிட்டது. உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

"போறது மேக்க. காலை வெயில் முதுகுலதான் அடிக்கும், ரோடு நல்லாத் தெரியும். கெளம்புங்க, நேரமாகுது" என்றாள் மனைவி.

நியாயம்தான். ஆனால் என் அவஸ்தை ரோடு பற்றியதா? தங்கை வீட்டுக்காரர் பற்றியது! போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் என் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "என்ன மச்சான், நம்ம வண்டிமாடு இதைவிடச் சுத்தமா இருக்கே?" என்றார். கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீடு வந்து சேரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு ஊரே கூடியிருக்கும். புள்ளி விழுந்த கண்ணாடியோடு போய் இறங்குவதா?

ஈரத்துணியால் துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய பேப்பரைக் கசக்கித் தேய்த்தேன் — பத்திரிகையில் நான் எழுதும் பக்கம்தான் கையில் வந்தது. அதனாலும் ஒரு பிரயோஜனமில்லை. மண்ணெண்ணெய் போட்டேன். புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்க, மேலே ஒரு வானவில் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டேகால். உள்ளே ஓடினேன். குத்துவிளக்கு துலக்க வைத்திருந்த புளியையும் செங்கல்பொடியையும் அள்ளிக்கொண்டு வந்தேன். பித்தளைக்கு ஆகிறது, கண்ணாடிக்கு ஆகாதா?

நாலு தேய் தேய்த்திருப்பேன். பக்கத்து வீட்டு காதர் பாய் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். நிலைக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"யா அல்லா! என்னண்ணே பண்றீங்க? இது கண்ணாடிண்ணே, பித்தளைக் குடமில்ல. பாருங்க, எம்புட்டுக் கீறல்!"

பார்த்தேன். கண்ணாடியின் மூலையில் பூனை பிராண்டின மாதிரி கோடுகள். புளியைக் கீழே போட்டேன்.

பாய் தன் வீட்டிலிருந்து சிர்க்கா கொண்டுவந்தார். ஊறுகாய்க்கு ஊற்றுவார்களே, அந்தப் புளிப்புக் காடி. ஒரு பழைய வேட்டித்துணியை அதில் நனைத்துக் கண்ணாடிமேல் ஒட்டப் போர்த்தினார். "உப்பைத் தேய்ச்சு எடுக்க முடியாதுண்ணே. அதுவாக் கரையணும். கால்மணி நேரம் தொடாம சும்மா இருங்க" என்றார்.

சும்மா இருப்பதா? நானா? ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கத் தூக்கத் துணி காய்ந்தது. மறுபடி நனைத்தோம். மூன்றாம் தடவை பாய் துணியை விட்டு நகராமல் காவல் நின்றார். அப்புறம்தான் கரைந்தது. குழாய் அதற்குள் நின்றுவிட்டதால், குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து மனைவி ஊற்றினாள். காய்ந்த துணியால் உடனே துடைத்தோம். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சுத்தம்!

மணி ஒன்பதே முக்கால்.

கருப்பையா காரின் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினான். எஞ்சின் ஐந்தாவது சுற்றில்தான் உறுமியது. ஊரைத் தாண்டியதும் முன்னால் வரிசையாக வைக்கோல் வண்டிகள். ஒதுங்க இடமில்லை. "ஹாரன் அடிப்பா, அடிப்பா!" என்று நான் சீட்டில் குதித்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வண்டிகள் கிளப்பிய செம்மண் புழுதி முழுக்க எங்கள் கண்ணாடியில்.

கோயில் வாசலில் இறங்கியபோது பத்தே முக்கால். ஆசாரி ஊசியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பத்து இருபத்தைந்து வரை காத்திருந்தார்களாம். அப்புறம் எங்கள் பெரியப்பா மகன் ஒருவன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனமும் காதில் புதுக் கம்மலுமாக வள்ளி விக்கிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டினேன். அவன் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை காரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஒரு கிண்டலாவது செய்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கமாகிவிட்டது.

செல்லம்மாதான் பக்கத்தில் வந்தாள். கண் சிவந்திருந்தது. "வழியில என்னமும் ஆயிருச்சோன்னு வகுத்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னேண்ணே. என்னண்ணே ஆச்சு?" என்றாள்.

கண்ணாடி துடைத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். எப்படியோ சமாளித்து, "அடுத்த தடவை விடியறதுக்குள்ள வந்துர்றேன் தாயி" என்றேன்.

எந்த அடுத்த தடவை? குழந்தைக்கு இருப்பது இரண்டே காது — இரண்டும் குத்தியாகிவிட்டது.