இடது கைக்கென்று அமைத்த பாட்டு

என் மகன் அருணின் வலது கையை உடைத்தவன் நான்தான். அப்போது அவன் அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் பள்ளி மாணவன். கணக்கில் மதிப்பெண் குறைந்த நாளிலும் கீபோர்டில் ராக் வாசித்துக்கொண்டிருந்தான். பேஸ்பால் மட்டையால் கீபோர்டை அடித்தேன். அதைக் காப்பாற்ற அவன் கையைக் குறுக்கே வைத்தான். கையைப் பார்த்த பிறகும் அடித்தேன்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் என் மனைவி, "படியில விழுந்துட்டேன்னு சொல்லுடா. போலீஸ் வந்தா அப்பாவுக்கு கிரீன் கார்டு கிடைக்காது" என்றாள். டாக்டரிடம் அவன் அப்படியே சொன்னான்.

இரண்டு விரல்கள் வளைந்தே நின்றுவிட்டன. பிறகு நண்பனிடம் வாங்கிவந்த கீபோர்டில், இடது கையால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். என்னைக் குத்திக்காட்டவே வாசிக்கிறான் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் பாதியில் பிளக்கைப் பிடுங்கினேன்.

போன மாதம் அருண் கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோது, ரேடியோவில் ஒரு பழைய ராக் குழுவைப் பற்றிப் பேசினார்கள். ஒலிப்பதிவுக்கு முன் குழுவுக்குள் நடந்த அடிதடியில் கீபோர்டு கலைஞரின் வலது கை உடைந்ததாம். இடது கைக்கென்றே அவர் அமைத்த பாட்டுதான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததாம். பிறகு பாட்டு ஒலித்தது. அருண் வாசித்த அதே பாட்டு.

"உனக்கு இந்தக் கதை தெரியுமாடா?"

"தெரியும்ப்பா. ஒன் ஹேண்ட்ல ப்ளே பண்ண எனக்கு அது ஒண்ணுதான் கெடச்சுது" என்றான், சாலையைப் பார்த்தபடியே.

வளைந்த விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போட்டன. அந்தப் பாட்டின் முடிவை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.