திசைக்கு வைத்த பெயர்

இத்தர் எங்கள் வரைபடக் குழுவை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. எங்கள் ஊர் திஸ்னித்தில் சந்தை நாள். கூட்டம் அலைமோதும் நேரத்தில் தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு, பீஹியண்ணன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இத்தர் வெளியேறினார்' என்று ஒற்றை வரி. பால்ய சிநேகிதன். பக்கத்துத் தெருவில்தான் வீடு. நேரில் வந்து திட்டியிருக்கலாம்.

அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நாங்கள் வரைபடம் வரைந்தோம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து, யாரும் இலவசமாகப் பயன்படுத்த வரையும் உலக வரைபடம். கண்ணாடி விற்பது அண்ணனுக்குப் பிழைப்பு. எங்கள் மலையோரத்துக் கிணறுகளையும் பாதாம் தோப்புகளையும் படத்தில் ஏற்றுவது ஆசை. சுவரிலிருக்கும் எழுத்துகளைப் படிக்க வாடிக்கையாளர் திணறும்போது, "அது கெடக்கட்டும், உங்க ஊருக்குப் போற வழியில கிணறு இருக்கா?" என்பார்.

உலகக் குழுவை வட்டாரங்களாகப் பிரித்த வருடம் அது. எங்களை 'அரபு வட்டாரம்' என்ற தலைப்பில் சேர்த்திருந்தார்கள். குறிப்பில் 'பெர்பெர் கிராமங்கள்' என்று வேறு.

"பெர்பெர்னா உளறுறவன்னு அர்த்தம்," என்றான் இத்தர். "வந்தவன் போனவன் வெச்ச பேரு. நம்ம பேரு அமாசிக்."

"என்கிட்ட ஏன்டா கத்துறே? அவங்களுக்கு எழுதுவோம்."

அண்ணன் எழுதினார். அம்மான் நகரிலிருந்த ஒருங்கிணைப்பாளர் மன்னிப்புக் கேட்டு அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். வட்டாரத்துக்கு நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

அன்று கடையில் கல்யாணக் களை. 'தமஸ்கா' என்று முடிவாயிற்று. அமாசிக் மக்களின் நிலம். இத்தர் ஆளுக்கொரு ரொட்டித் துண்டில் பாதாம் விழுதைத் தடவித் தடவி நீட்டினான்.

தேநீர் கொண்டுவந்தவள் ஷயிபியா, அண்ணனின் மனைவி. சாஃபி ஊர்க்காரி, தாய்மொழி அரபி. கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. அப்ப நான் யாரு வீட்டுல குடியிருக்கேன்?"

"விளையாடாதே," என்றார் அண்ணன்.

"விளையாடல. உங்கள அரபுன்னாங்க, உனக்குக் கோபம் வந்துச்சு. இப்ப என்னை அமாசிக் ஆக்குறீங்க. எனக்கு வரக் கூடாதா?"

இத்தர் சிரித்தான். "உன்னை யாரும் தொரத்தல அண்ணி. விருந்தாளியா இரு."

"மூணு புள்ள பெத்த விருந்தாளியா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அண்ணன் கண்ணாடிச் சட்டங்களில் காதுக்கம்பியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்கு நெருக்கமான பெயர் அது, கேட்கிறவளும் நெருக்கமானவள். கடைசியில் 'தமஸ்கா'வைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எழுதினார்: வட்டாரத்துக்குத் திசைப் பெயர் போதும், வட ஆப்பிரிக்கா என்றிருக்கட்டும். மக்களை, அவரவர் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரால் அழைப்போம். எல்லை எங்கே என்பதை ஓரத்தில் இருப்பவர்களே சொல்லட்டும்.

குழு ஏற்றுக்கொண்டது. சூடான்காரர்கள் எங்கள் வட்டாரம், பக்கத்து வட்டாரம் இரண்டிலும் இருப்போம் என்றார்கள். அதையும் யாரும் மறுக்கவில்லை.

இத்தர் மட்டும் கடை வாசலில் நின்று சொன்னான்: "ஆளுங்க கேட்டா, பொண்டாட்டி கிழிச்ச கோடுன்னு சொல்லு."

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

கொஞ்ச நாளில் நானும் ஊரை விட்டுக் கிளம்பினேன். மலாகா, இஸ்தான்புல், திபிலிசி என்று ஒரு இடத்திலும் கால் தரிக்கவில்லை. போன இடத்திலெல்லாம் யாராவது எனக்கொரு பெயர் வைத்தார்கள். அப்போதெல்லாம் அந்தக் கடைதான் நினைவுக்கு வரும். புதினா வாசனை, லென்ஸ் தேய்க்கும் ஓசை, ஒரு ஓடையின் பெயருக்காக மூன்று பேர் தொண்டை வறளக் கத்துவது. அப்படி என்னோடு சண்டை போட வேறெங்கும் ஆளில்லை.

இந்த வசந்தத்தில் திரும்பி வந்தேன். அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஷயிபியா என்னைப் பார்த்ததும், "ஊர் சுத்தி முடிச்சாச்சா, இல்ல செருப்பு மாத்த வந்தியா?" என்றாள். இத்தர் அகாதிர் நகருக்குக் குடிபோய்விட்டானாம். இத்தனை வருடத்தில் பெருநாள் வாழ்த்துக்கூட வந்ததில்லையாம். அதைச் சொல்லும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது அவர் கைப்பேசி அதிர்ந்தது. படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். என்னிடம் நீட்டினார். இத்தர் எழுதியிருந்தான், சலாம்கூட இல்லை.

"வரைபடத்துல, கணவாய்க்குக் கீழ எங்க தாத்தா ஊரு பேருல ஒரு எழுத்து தப்பு. நீதானே போட்டே? கண்ணாடி விக்கிறவனுக்குக் கண்ணு தெரியலையா? இப்ப அதை எப்படித் திருத்துறது, சொல்லு."