உன் பாதுகாப்பு, உன் பொறுப்பு

எங்கள் சங்கத்து உறுப்பினர்கள் சொன்னதை மாற்றி எழுதியவள் நான்தான். முப்பத்தெட்டுப் பெண்களில் ஐந்து பேருக்கு மட்டுமே அந்தப் புதிய வாசகம் பிடித்திருந்தது. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று நான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல... யாராவது ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்!

திருவொற்றியூரில் பெண்களுக்கான தற்காப்புச் சங்கம் ஒன்று உண்டு. நான் அதன் செயலாளர். ஞாயிறு காலைகளில் ஒரு சமூகக் கூடத்தின் மொட்டை மாடியில் எஸ்தர் மாஸ்டர் எங்களுக்கு அடிக்கவும் தடுக்கவும் கற்றுக்கொடுப்பார். மீன் விற்பவர்கள், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளில் நிற்பவர்கள், எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் நான். எழுதத் தெரிந்தவள் என்பதால் செயலாளர்!

சங்கத்துக்கு ஒரு முழக்கம் இருந்தது. "கை வெச்சா கீச்சிடுவோம்!" கிழித்துவிடுவோம் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். அதை முதலில் கத்தியவள் கஸ்தூரி. ஒவ்வோர் உதைக்கும் அதையே கத்துவோம், மாடியே அதிரும்.

எனக்கு மட்டும் அது கூச்சமாக இருந்தது. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே மளிகைக்கடை வைத்தவர். இந்த ஊர்ப் பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அதட்டி வளர்த்தவர். நாற்பத்தாறு வயதிலும் அந்த அதட்டல் என் காதில் இருந்தது. பிற பெண்களைவிட நான் ஒரு படி மேல் என்று நினைத்திருந்தேனா? ஆம். நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு பெரிய நிறுவனம் எங்களுக்கு உதவ முன்வந்தது. பயிற்சிக்கு ஒரு கூடம், தரை விரிப்புகள், எல்லோருக்கும் டி-ஷர்ட். சங்கத்துக்குப் புதிய பெயரும் புதிய தோற்றமும், பழைய முழக்கத்துக்குப் பதில் ஒரு புதிய வாசகமும் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவர்களுடைய விளம்பரக்காரர்கள் 'கவசி' என்று பெயர் வைத்தார்கள். ஊதா நிறத்தில், கண் மூடிய ஒரு பெண் முகத்தை வரைந்து தந்தார்கள். வாசகம் மட்டும் அமையவில்லை. "உள்ளூர்லேர்ந்தே ஒரு வரி வந்தா நல்லாருக்கும் மேடம்" என்றார்கள் என்னிடம்.

நான் எழுதிக் கொடுத்தேன். 'உன் பாதுகாப்பு, உன் பொறுப்பு.'

அவர்கள் கைதட்டினார்கள்! வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் யாரும் கைதட்டியதில்லை. யார் எழுதியது என்று மட்டும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். அடக்கம் அல்ல... பயம்.

எஸ்தர் மாஸ்டர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "பொண்ணுங்களக் கேளும்மா. பாதிப் பேருக்குப் புடிக்கலன்னாலும் வேணாம்னுடலாம்."

நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக நான்தான் போனேன்.

"கவசியா? இன்னாக்கா, கொசுவத்தி பேரு மாதிரி கீது!" என்று ஒருத்தி சிரித்தாள். "கண்ண மூடிகினு நின்னா எவன் வரான்னு எப்டித் தெரியும்?" என்றாள் இன்னொருத்தி. அவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதினேன். பெயரும் படமும் என்னுடையவை அல்லவே!

காசிமேட்டில் மீன் விற்கும் தேவி வாசகத்தை இரண்டு முறை படித்தாள். "இந்த வரி போட்ட சட்டைய நான் போட மாட்டேன்க்கா" என்றாள். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

கஸ்தூரி இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. வாசகத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"என் பொறுப்புன்னா... எவனாச்சும் மேல கை வெச்சா, நான் ஒயுங்கா இல்லன்னு அர்த்தமா? எவங்க்கா எழுதுனான் இத்த?"

எவன் என்றாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து பேனாவை மூடினேன்.

பதினான்கு வயதில் ஷேர் ஆட்டோவில் ஒருவன் அவளிடம் தவறாக நடந்தபோது, அவள் வீடே அவளைத்தான் அடித்தது. தேவி ஒருத்திதான் அவள் பக்கம் நின்றாள். கஸ்தூரியே இதை என்னிடம் சொல்லியிருக்கிறாள். தெரிந்திருந்தும் அந்த வரியை எழுதினேன். எழுதும்போது அவள் நினைவே வரவில்லை... வரியின் ஓசைதான் நினைவில் இருந்தது!

அறிக்கை கொடுத்தேன். மாஸ்டர் நம்பினார். டி-ஷர்ட்டுகள் வந்திறங்கின.

கஸ்தூரி தனியாக வந்து கேட்டாள். "வேணாம்னு சொன்னேனேக்கா?"

"மத்த எல்லாருக்கும் புடிச்சிருக்கு கஸ்தூரி. தேவிக்குக்கூட."

"தேவிக்குமா?" சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "சரி, வுடு."

தேவி வந்து கேட்டபோது, கஸ்தூரிக்குப் பிடித்திருக்கிறது என்றேன். தோழிக்குப் பிடித்ததைக் குறை சொல்வானேன் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். இருவரும் அந்தச் சட்டையைப் போட்டார்கள். அவர்களுடைய அன்பை வைத்தே அவர்களை வாயடைத்தேன்... இதைவிடக் கீழ்மை உண்டா, சொல்லுங்கள்!

நான்கு மாதம் கழித்து, கொட்டகையின் மேற்பார்வையாளன் கஸ்தூரியின் இடுப்பில் கை வைத்தான். மாஸ்டர் கற்றுக்கொடுத்தபடியே அவன் மணிக்கட்டை முறுக்கிக் கீழே தள்ளினாள். அவன் அவள்மீதே கொட்டகை நிர்வாகத்திடம் புகார் கொடுத்தான். விசாரணைக்கு, சங்கத்தின் சார்பில் அவளோடு நான் போனேன். அன்று ஞாயிறு. பயிற்சியிலிருந்து நேராக, அந்தச் சட்டையோடுதான் வந்திருந்தாள்.

கொட்டகை மேலாளர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு அவள் மார்பைப் பேனாவால் சுட்டினார்.

"உன் சட்டையிலயே எழுதிக்கீதே... உன் பாதுகாப்பு உன் பொறுப்புன்னு. அப்புறம் எங்களாண்ட இன்னாத்துக்கு வந்து நிக்கிற?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்தூரி குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பேச வேண்டிய இடம் அது. அந்த வரி அதற்காக எழுதப்பட்டதல்ல என்று கத்தியிருக்க வேண்டும். எதற்காக எழுதினேன்? தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு வேலை போயிற்று.

திரும்பும்போது ஆட்டோவில் துப்பட்டாவால் அந்த எழுத்துகளை மூடிக்கொண்டாள். ஆட்டோ ராயபுரம் பாலம் ஏறியது. பிறகு கேட்டாள். "நெசமாவே தேவிக்கு இந்த வரி புடிச்சிதாக்கா? எனக்கு நடந்ததெல்லாம் தெரிஞ்சவ அவ."

இதோ... கடவுளே தந்ததுபோல ஒரு வாய்ப்பு! ஒரே ஒரு 'இல்லை' போதும். ஆனால் அந்த 'இல்லை'யைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்ததும் வரும். கடைசியில் என் பெயரில் வந்து நிற்கும்.

"புடிச்சிருக்குன்னுதான் சொன்னா" என்றேன்.

"இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள் கஸ்தூரி. அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை உடைந்திருப்பேன். இல்லை, இதுவும் பொய். உடைந்திருக்க மாட்டேன்.

அவள் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினாள். புளியந்தோப்பில் அக்கா வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டாள். அறிக்கையை எழுதிய கையாலேயே உறுப்பினர் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன்.

சென்ற மாதம் தேவி என்னைத் தேடி வந்தாள். கஸ்தூரி அவள் எண்ணைத் தடை செய்துவிட்டாளாம். வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கவில்லையாம்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரிலக்கா. நீ நல்லா எழுதுவியே... அவளுக்கு ஒண்ணு எழுதி உன் போன்லேர்ந்து அனுப்பேன். நான் ஏதாச்சும் பண்ணிருந்தா மன்னிச்சிடுன்னு எழுது."

அப்போதாவது சொன்னேனா? அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். எவ்வளவு அழகாக எழுதினேன் தெரியுமா! படித்துக் காட்டியபோது தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என் மனசுல கீறத அப்டியே எழுதிட்டக்கா" என்றாள்.

கஸ்தூரி அதைப் படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது.

ஞாயிறுதோறும் பயிற்சி முடிந்ததும் தேவி என் அருகில் வந்து நிற்கிறாள். "பதில் வந்துச்சாக்கா?"

வரவில்லை என்கிறேன். அவளிடம் நான் சொல்லும் உண்மை அது ஒன்றுதான்.