பையன் வலப்பக்கம் திரும்பிய மத்தியானம்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்பியவள் இல்லை. ராஜபாளையத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். தசை, நரம்பு, எலும்பு, அவ்வளவுதான் என் உலகம். சர்ச்சில்கூடப் பிரசங்கம் நீண்டால் கொட்டாவி விடுகிற ஆள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் செல்வி என்று ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. கணவர் ராணுவத்தில், எங்கோ எல்லையில். பையனுக்கு வலது கழுத்துத் தசை இறுகி, தலை அந்தத் தோளில் சாய்ந்து, முகம் எப்போதும் இடப்பக்கமே பார்த்திருக்கும். உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டி உருட்டியே மாதங்களைக் கடத்திவிட்டார்கள், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனியும் இளகாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வாரக்கணக்கில் வீட்டுக்கே போனேன். தலைமாட்டில் உட்கார்ந்து நான் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்ப வேண்டும், செல்வி தோளை அசையாமல் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமிருந்து கூப்பிட வேண்டும். கிலுகிலுப்பை ஆட்டினோம், செல்போனில் அப்பா குரலைப் போட்டோம், ம்ஹூம். வீறிட்டு அழுவான், கழுத்து கட்டையாக நிற்கும், அவனைப் பார்த்து அவளும் அழுவாள். எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

அன்று நல்ல வெயில், மத்தியானம். கதவு சாத்தியிருந்தது, வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அழுதுகொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். நம்பினால் நம்புங்கள், என் கைக்குள்ளேயே தசை இளகுவது தெரிந்தது, தலை வலப்பக்கம் திரும்பியது, அங்கே செல்வியைத் தாண்டி வெறும் தரையைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பு.

செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அவிய லீவுல வந்தா அந்த எடத்துலதான் உக்காந்து பிள்ளையக் கொஞ்சுவாவ" என்றாள். அவள் மனம் எங்கே போனது என்று புரிந்தது. போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பொய் சொல்வானேன், நானும் ஜெபம் செய்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீடியோ காலில் அவரே வந்தார். "ஏட்டி, எதுக்கு அழுவுற? டியூட்டி முடிஞ்சு செத்த நேரம் அசந்துட்டேன். கனவுல பய என் பக்கம் திரும்பி எம்புட்டு அழகாச் சிரிச்சான் தெரியுமா!"

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் போன உயிர் வந்தது. மகனையே நினைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கு மகன்தானே கனவில் வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அவள் போனை என் பக்கம் திருப்பினாள். அதுவரை அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"அக்கா, நீங்கதானா அது!" என்றார். "ஒங்களுக்குப் பின்னால உக்காந்து, ஒங்க கை மேல கை வச்சுப் பய தலையத் திருப்புனாவளே, அவிய யாரு?"

பையன் இப்போது ஓடி விளையாடுகிறான், கழுத்தில் ஒரு குறையும் இல்லை, கர்த்தருக்கு நன்றி. நான் அதே வேலையைத்தான் பார்க்கிறேன், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு. ஆனாலும் ஏதாவது ஒரு பிள்ளைக்குத் தசை சட்டென்று இளகும்போது, என் புறங்கையைக் குனிந்து பார்க்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.