அம்மாவின் பத்திரத்தில் ‘இல்லை’

கனடாவில் இருக்கும் என் அண்ணா குடும்ப வரலாறு எழுதுகிறார். அவருக்கு நான் அனுப்பிய அம்மாவின் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், ‘பெற்றோர் விவாகமானவர்களா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், “அம்மாவின்ர தாய் தகப்பன் கலியாணமே கட்டேல்லை!” என்று போட்டுவிட்டார். ஒரு சொல் கேட்டிருக்கலாம்தானே? அம்மா அன்று சாப்பிடவேயில்லை.

“என்ர அம்மாவும் அப்பாவும் முள்ளியவளைக் கோயிலில ஊரறியத் தாலி கட்டினவை. அந்தக் காலம் ஆர் கலியாணத்தைப் பதிஞ்சு எழுத்து எழுதினது? பதிவு இல்லாட்டி ‘இல்லை’ எண்டுதான் போடுவினம். நானும் கொப்பாவும் எழுதினதே கொண்ணன் பிறந்தாப் பிறகு, காணிப் பெர்மிட்டுக்காக,” என்றார் அம்மா.

அலுமாரியைத் திறந்து அண்ணாவின் பத்திரத்தை எடுத்தேன். அதிலும் ‘இல்லை’! படமெடுத்துக் குழுவில் போட்டேன்.

இப்போது நான் அம்மாவிடம் கேட்காமல் எந்தப் பழைய பத்திரத்தையும் யாருக்கும் அனுப்புவதில்லை.