லஸ் முனையில் நான் ஏறிய வண்டி

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, மயிலாப்பூர் லஸ் முனையில் இன்னும் திறக்காத ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பத்து மணிக்குத் தி.நகர் ஆபீசில் இருக்க வேண்டும். அந்த மாதம் ஏற்கெனவே மூன்று முறை தாமதம். இன்னொரு முறை தாமதமாக வந்தால் வீட்டிலேயே இருந்துகொள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

என் லட்சணத்தை என் அறை நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடையாறில் இறங்க வேண்டியவன், பஸ்ஸில் தூங்கிப்போய், திருவான்மியூர் டெர்மினஸில் கண்டக்டர் தட்டி எழுப்ப இறங்கியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரரின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு அவரிடமே போய் இஸ்திரிப் பெட்டி கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான். ராத்திரி போனுக்கு சார்ஜர் குத்தியவன், சுவிட்சைப் போடவில்லை. பைக் டாக்ஸி பதிவு செய்து, வண்டி வந்துவிட்டது என்று திரையில் காட்டிய அடுத்த நொடி போன் செத்துப்போனது. வண்டி நம்பரைப் பார்க்கவில்லை. ஓ.டி.பி. மட்டும் எப்படியோ நினைவிருந்தது.

பத்தடி தள்ளி ஒரு கறுப்பு பைக் நின்றது. ஹெல்மெட் போட்ட ஒருவர் அதில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறென்ன வேண்டும்? ஓடிப்போய்ப் பின்னால் ஏறிவிட்டேன். ஓ.டி.பி. எண்ணைச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா?" என்றார்.

"தி.நகர்ணா. கிளம்புங்க, ரொம்ப லேட் ஆயிடுச்சு."

போனை இன்னொரு முறை பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அது நான் பதிவு செய்த வண்டி இல்லை. அவர் ஒரு பிளம்பர். லஸ்ஸில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். சைதாப்பேட்டையில் அவருடைய அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே வா என்று அப்போதுதான் போன் வந்திருந்தது. நான் ஏறியபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் போனைத்தான். இதில் ஒரு எழுத்துகூட எனக்கு அப்போது தெரியாது. வண்டியின் முன்னால் ரெக்சின் பையில் பைப் ரெஞ்சு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், பார்ட் டைமாக டாக்ஸி ஓட்டுகிறார் போல என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆழ்வார்ப்பேட்டை தாண்டுவதற்குள் அவருடைய போன் இரண்டு முறை அடித்தது. இரண்டாவது முறை அவர் கை சட்டைப் பையை நோக்கிப் போனது. "போன்ல அப்புறம் பேசிக்கலாம்ணா, ரோட்டைப் பாருங்க" என்றேன். கை மறுபடி ஹேண்டில்பாருக்குப் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்தபடி ஒரு பெரிய மனிதனைத் திருத்திவிட்ட திருப்தி வேறு எனக்கு.

எல்டாம்ஸ் ரோடு முடிந்து மவுண்ட் ரோடு வந்தது. நேராகக் கடந்து தி.நகருக்குள் போக வேண்டியவர், இடது பக்கம் சைதாப்பேட்டைக்குப் போகிற வழியில் திரும்பினார். எனக்கு வந்ததே கோபம்! தோளைத் தட்டி, "எங்கணா போறீங்க? வழி தெரியலன்னா கேட்க மாட்டீங்களா? என் வேலை போயிடும்ணா" என்று கத்தினேன். பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நந்தனத்தில் திருப்பி, என்னைத் தி.நகருக்குள் கொண்டுபோனார். தீபாவளிக் கூட்டம். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக நின்றது. அந்த நெரிசலில் அவருடைய போன் மூன்றாவது முறை அடித்து ஓய்ந்தது.

ஆபீஸ் வாசலில் இறங்கும்போது பத்து இருபத்தைந்து. பணம் தர என் போனில் உயிரில்லை, மேலே போய் யாரிடமாவது வாங்கி வருகிறேன் என்றேன்.

"வாணாம் நைனா. நான் அந்த வண்டி இல்ல" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்க நனைந்திருந்தது. வேர்வை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அப்புறம் ஏன்ணா சொல்லல?"

"இன்னா சொல்றதுன்னு தெர்லப்பா. அம்மாவுக்கு இஸ்துக்கினு கீதுன்னு போன் வந்துச்சு. கையும் ஓடல, காலும் ஓடல. நீ ஏறி ஒக்காந்து கெளம்புன்ன, கெளம்பிட்டேன். வூட்டுப் பக்கம் திருப்பினேன், நீ அதட்டின. எங்க போறேன்னே தெர்ல."

அதற்குள் போன் நான்காவது முறை அடித்தது. இந்த முறை எடுத்தார். "சரிக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத்தான் போச்சாம். அல்லாரும் பால் ஊத்திட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி" என்றார்.

மவுண்ட் ரோட்டில் அவர் திரும்பிய வழியிலேயே விட்டிருந்தால், பத்து நிமிடத்தில் வீட்டில் இருந்திருப்பார். அந்தக் கணக்கை நான் அங்கேயே போட்டுவிட்டேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சாவியை வாங்கி, அவரைப் பின்னால் உட்கார வைத்து, சைதாப்பேட்டைக்கு நான் ஓட்டினேன். அவர் பின்னாலிருந்து வழி சொன்னார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி ஒரு சந்து. வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உள்ளே அம்மாவின் தலைமாட்டில் ஒரு டம்ளரில் பாலும் ஸ்பூனும் அப்படியே இருந்தன. அவருடைய அக்கா எழுந்து வந்து அவரை மார்பில் அடித்தார்.

"எங்கடா போன? எத்தினி தபா போன் அடிக்கிறது? வாசலையே பாத்துக்கினு இருந்துச்சுடா அது!"

நான் கதவோரம் நின்றேன். இப்போது சொல்லப்போகிறார், என்னைக் கைகாட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார்.

"டிராபிக்குக்கா" என்றார்.

பிறகு மண்டியிட்டு, ஒரு ஸ்பூன் பாலை அம்மாவின் வாயில் ஊற்றினார். அது உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அக்கா என்னைக் கவனித்தார். யாருப்பா நீ என்று கேட்டார். எனக்கு முன்னால் தம்பியே பதில் சொன்னார்: "கை காலு வராம ஒக்காந்துட்டேன்க்கா. இந்தப் புள்ளதான் வண்டிய ஓட்டிக்கினு வந்து வூட்டாண்ட சேத்துச்சு." அதில் பொய் எதுவும் இல்லை. அந்த அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்று அழுதார். யாரோ நாற்காலி போட்டார்கள். யாரோ டீ கொடுத்தார்கள். நடந்தது என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

என் வேலை போகவில்லை. சாவு வீடு என்றதும் மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார். யார் என்று கேட்டதற்குத் தெரிந்தவர் என்றேன். அன்று சாயங்காலம் போனை சார்ஜ் போட்டபோது, நான் நிஜமாகப் பதிவு செய்த டாக்ஸிக்காரர் எங்கே ப்ரோ இருக்கீங்க என்று ஆறு முறை கேட்டிருந்தார். அறையில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். வேறு வண்டியில் ஏறிவிட்டேன் என்றதுமே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். அவர்களுக்கு இன்றைக்கும் இது சிரிப்புக் கதைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும் என்று சைதாப்பேட்டை ஸ்டேஷன் வரை போய், பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன். அந்த வீட்டைப் பொறுத்தவரை நான் இன்னும் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்த நல்ல பையன்தான். அந்த அம்மாவின் மகன் அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இத்தனை நாளில் ஆறியிருக்கும், அவர் காப்பாற்றிவிட்டதுதான் இன்னும் ஆறவில்லை.